மூன்றாம் லயத்தில் இத்தாலிப் பிணங்கள்

வட்டவளையிலிருந்து டெக்கைக்
கொழுந்துச் சாக்கில் சுற்றித்
தூக்கி வந்தான் சவரியான்.
லொறி பற்றரி. ஆளுக்கு இரண்டு ரூபாய்.
உதடு ஒன்று சொன்னது, குரல் வேறொன்று.
எங்களுக்கு இரண்டும் புரியாததால்
குறையொன்றும் இல்லை.

மண்ணைப் பிளந்து எழுந்தன பிணங்கள்.
முகத்தில் அப்பிய மா
காய்ந்து வெடித்திருந்தது.
கண்ணில் நெளிந்த புழு மட்டும் நிஜம்.
"பெரட்டுக்கு நேரமாச்சு, எழும்புதுங்க"
என்றாள் பாக்கியம்.
தகரக் கூரையில் மழை கேட்காத அளவுக்குச் சிரித்தோம்.

அடுத்த கசெட்டில் காடு.
மனுசக்கறி தின்பவர்கள்
தொரை ஒருவனின் குடலை
உருவிக்கொண்டே இருந்தார்கள்,
கம்பிச்சுருள் போல.
"ஆட்டுக்கொடல்தான். கழுவக்கூட இல்ல"
என்றான் தீபாவளிக்குக் கிடாய் உரிக்கும் மருதையன்.
சொல்லிவிட்டு
இன்னும் கிட்டப் போய் உட்கார்ந்தான்.
தொரை முழுசாய்த் தீர்ந்ததும்
பின்னாலிருந்து ஒரு குரல்:
"அவனுக்கு அரைப்பேர் போடு!"

அவ்வளவு பெரிய காட்டில்
ஓர் அட்டைகூட இல்லை.
அதைத்தான் எங்களால் நம்ப முடியவில்லை.

படம் முடிந்து எழும்பினால்
என் கால்விரல் இடுக்கில் ஒன்று
குடித்து உருண்டு
தானாய்க் கழன்று கிடந்தது.
ரத்தம் நின்றபாடில்லை.
டோர்ச் அடித்துக் குனிந்து பார்த்த சவரியான்
உதட்டைப் பிதுக்கினான்:
"கலர் சரியில்ல."