கால் சுற்று

மருதமுனையில் வெந்நீர் எதற்கென்று கேட்கிறவர்கள்
டிசம்பர் அடைமழையில்
நாலே முக்காலுக்கு எழும்பித்
தலைக்குக் குளித்ததில்லை.

ஆறு மணி பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.
குழாயின் பிடியை நடுவில் நிறுத்தி
இதமாய் வரும்வரை கையை நீட்டிக் காத்திருந்து
தோளைக் கொடுப்பேன்.
அப்போதுதான் சுடும்.

சும்மா சுடாது.
மூன்று தரம் சுட்டு ஆறும்.
பிறகும் மூன்று தரம்.
சுவரோடு ஒட்டிக்கொண்டு எண்ணிப் பழகினேன்:
இது அவள் கை
இது வாய், இது மூக்கு
முகத்துக்குக் கொஞ்சம் கூட நேரம்
முழங்கை வரை வலது
முழங்கை வரை இடது
தலை தடவ ஒரே ஒரு தரம்
கால்களுக்குத்தான் அதிகம் கொதிக்கும்.

தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுகிறவள் இல்லை என் ராத்தா.
திறந்து, பூட்டி, திறந்து, பூட்டி.
கீழ் வீட்டில் அவள் உளு எடுப்பதை
மேல் வீட்டில் முதுகால் வாசித்தேன்,
எட்டு மாதம்.

எட்டு மாதமாய் வேறு பேச்சில்லை.
கிணற்று மோட்டர் பில்லில் முந்நூற்று எண்பது ரூபாய்,
அதில் தொடங்கியது.
எதில் போய் முட்டியது என்பதை எழுதமாட்டேன்.
கீழ்த்தட்டு ஜெஸீமாவுக்கு, மேல்தட்டு எனக்கு என்று
சீதனம் எழுதிய வாப்பா
தண்ணீர்த் தாங்கியைப் பிரிக்க மறந்துபோனார்.

தோள் கொப்பளித்த பிறகுதான்
ஹாறூனைக் கூப்பிட்டேன்.
பற்றவைக்காத சிகரெட்டை வாயில் வைத்தபடி
மொட்டைமாடியிலிருந்து ஒவ்வொரு குழாயாகத் தட்டி வந்தான்.
"பச்சத்தண்ணிக்கு ரெண்டு வீட்டுக்கும் ஒரே அரை இஞ்சிக் குழாய்.
கீழ திறந்தா உங்களுக்குக் குறையும்.
ஹீட்டருக்குத் தனி லைன், அது குறையாது.
சூடு கூடல்ல டீச்சர்,
பச்சத்தண்ணிதான் இறங்கிப் போகுது."
நான் டீச்சர் இல்லை என்று இரண்டு தரம் சொன்னேன்.

கீழ் வீட்டுக்குத் தாங்கியிலிருந்து நேரே
முக்கால் இஞ்சியில் புதுக் குழாய்.
ஹீட்டரின் வாயில்
தண்ணீர் திரும்பிப் போகாதபடி ஒரு வால்வு.
பழைய இணைப்பை எடுப்பதென்றால் சுவரை உடைக்க வேண்டும்,
அதனால் அதன் நடுவே சிவப்புச் சக்கரம் வைத்த
இன்னொரு வால்வைப் பூட்டி இறுக்கினான்.
"இத மட்டும் தொட்டிடாதீங்க."

காசை எண்ணிக்கொண்டே சொன்னான்,
பாதியைக் கீழே தந்துவிட்டார்களாம்.
ஒரு கேள்வியும் கேட்டார்களாம்,
அவனுக்கு விளங்கவில்லையாம்:
"அப்ப இனி மேல குளிச்சா
எங்கட குழாய் மெலியாதா?"
மெலியாது என்றானாம்.
சரி என்று கதவைச் சாத்தினாளாம்.

மறுநாள்
வெந்நீர் கோடு இழுத்தது போல விழுந்தது.
கூடவும் இல்லை குறையவும் இல்லை.
கண்ணை மூடித் தலை தேய்த்தேன்.
பள்ளியில் பாங்கு சொன்னார்கள்.
கீழே எழும்பினாளா?
மழை இரைச்சல்.
பிடியைக் கொஞ்சம் சுடுபக்கம் தள்ளிப் பார்த்தேன்,
அது நான் தள்ளிய சூடு.

நாலாம் நாள் குடையோடு மாடி ஏறினேன்.
சிவப்புச் சக்கரம் நனைந்து வழுக்கியது.
முக்காட்டு நுனியால் பிடித்து
கால் சுற்று.
அதற்கு மேல் இல்லை,
தோலும் வேண்டுமே.