ஆறு மில்லிமீட்டர்

ஃபேனை நிறுத்திவிட்டேன்.
மே மாதம், பெரம்பூர், இரவு ஒன்பதரை.
மேசைமேல்
மிக்ஸி வந்த பெட்டியின் தெர்மாகோல்,
அல்வா டப்பாவிலிருந்து உருவிய பட்டர் பேப்பர்,
மகள் விட்டுப்போன படிப்பு விளக்கு.
லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி
ரப்பர் பேண்டால் கட்டியிருக்கிறேன்.
துவரம்பருப்புப் பொட்டலத்தின்மேல்
தாடை பதித்துப் படுத்திருக்கிறது கேமரா.

நேற்று முருங்கை விதை.
அதன் மூன்று சிறகுகளும்
நனைந்து காய்ந்த ரசீதுபோல் சுருங்கியிருந்தன.
முந்தாநாள் காசிமேட்டில் பொறுக்கிய நண்டோடு.
அதற்கும் முன்னால் ஒரு வேப்பம்பூ,
நான் ஃபோகஸ் தேடிக்கொண்டிருந்தபோதே
வாடிப்போனது.

இன்றைக்கு
தெய்வசிகாமணியின் கல்.

ஆஸ்பத்திரி டப்பாவில், பஞ்சின்மேல்.
மூன்று இரவுகள் அவரைத் தரையில் உருட்டியது,
வாழைத்தண்டுச் சாறுக்கும் பார்லித் தண்ணீருக்கும்
அசைந்துகொடுக்காதது,
கடுகைவிடக் கொஞ்சம் பெரிது.
“அதைப் போய்...
தூக்கிப் போடுறதை விட்டுட்டு” என்கிறார்,
செய்தித்தாளால் விசிறிக்கொண்டே.

நேர் வெளிச்சத்தில்
அது வெறும் மண்ணாங்கட்டி.
விளக்கை இடப்பக்கம் இறக்கினேன்,
கிட்டத்தட்ட மேசையோடு மேசையாக.
எதிரே இட்லிப் பாத்திர மூடியைச் சாய்த்து வைத்தேன்,
நிழல் கொஞ்சம் இளகட்டும் என்று.

கல் எழுந்து நின்றது.

தேன் நிறத்தில் முகடுகள்.
ஒன்றின் தோளில் ஒன்று ஏறிய கத்தி விளிம்புகள்.
பிளவுகளுக்குள் கண்ணாடிப் பொடி.
இத்தனை கூர்மையாக, இத்தனை நிதானமாக,
யாரும் டார்ச் அடிக்காத இருட்டில்,
இவர் இ.எம்.ஐ. கட்டி, பஸ் பிடித்து,
தண்ணீர் குடிக்க மறந்த வருஷங்களில்
உட்கார்ந்து அடுக்கியிருக்கிறது உப்பு.

இரண்டு நொடி வேண்டும் எனக்கு.
ஆவடி லோக்கல் போகிறது.
பருப்பு நடுங்குகிறது.
திரையில் மலை முழுக்கப் புகை.
அடுத்த வண்டி வருவதற்குள்
மூக்கு நுனி வேர்வையைத் துடைக்காமல்
மூச்சைப் பிடித்தேன்.

கிளிக்.

எப்போது எழுந்து வந்தாரோ,
என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்.
நான் பெரிதாக்கிக் காட்டக் காட்ட
அவர் கை தானாகவே இடுப்புக்குப் போகிறது.

“இதுவா?”

திரையைத் தொடாமல்
விரலை மட்டும் நீட்டுகிறார்,
வலது ஓரம், மற்றதைவிட நீண்டு
லேசாக வளைந்த ஒரு முனைக்கு நேராக.

“இதுதான்.
ரெண்டாவது ராத்திரி இதுதான்.”

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு
உட்கார்ந்தார். ஃபேனைப் பற்றி
ஒன்றும் கேட்கவில்லை.