இரண்டு மணிக் கட்டம்

மீராலெவ்வைக் காக்காவின் பல்
பன்னிரண்டு நாளும் ஒரு தயிர்க் கோப்பைக்குள் கிடந்தது.
மேல்வரிசை மட்டும். ஏழாம் கட்டில் என்று
பிளாஸ்டரில் எழுதி ஒட்டியவள் நான்.

வாழைச்சேனைத் துறையில் மீன் ஏலம் கூறுகிறவர்.
பாரையும் சூரையும் அவர் வாயில் விழுந்துதான்
விலையாய் எழும்புமாம்.
மாடு குறுக்கே பாய்ந்து, மோட்டார் சைக்கிள் சரிந்து,
ஐந்து விலா.

இப்போது அந்த வாய்க்குள்
என் சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு குழாய்,
குரல் நாண்களை விலத்திக்கொண்டு இறங்குகிறது.
மெஷின் தள்ளும், நெஞ்சு எழும்பும்.
மெஷின் விடும்.

நாலு மணிக்கொரு தடவை வாய் கழுவ வேண்டும்.
தலைமாட்டை முப்பது பாகைக்கு உயர்த்தி
நாக்கின் கீழ், கன்னத்தின் உட்புறம்,
மிச்சமிருக்கும் பதினொரு பற்கள்,
வெற்றிலைக் காவி ஏறிய ஈறு.

அங்கே குடியிருப்பவை நேற்று வந்தவையல்ல.
சுண்ணாம்புக்கும் தேத்தண்ணிக்கும் நோன்புக்கும் பழகியவை.
அவரோடு ஒரு கோபமும் இல்லாதவை.
இருமலும் விழுங்கலும் காவல் நின்ற வரைக்கும்
வாயோடு கிடந்தன.
தெருப் போட்டது நாங்கள்.
தோணி அடியில் பாசி பிடிக்கிற மாதிரிக்
குழாயில் வழுவழுவென்று ஒட்டி
ஒன்றின் முதுகில் ஒன்றாய்
கீழே, இன்னும் கீழே.

மாரியில் பாலமீன்மடுவில் ஆற்றுவாய் வெட்டுவார்கள்.
வெள்ளம் வடியத்தான் வெட்டுவது.
வெட்டிய வாயால் கடலும் உள்ளே வரும்.
வெட்டாவிட்டால் ஊர் தாழும்.

செவ்வாய் இரவு
எட்டுக் கட்டிலுக்கு நாங்கள் இரண்டு பேர்.
ஒன்றே முக்காலுக்கு நாலாம் கட்டில் நின்றுபோனது.
சித்தாண்டிப் பொடியன், வயலில் விரியன் தீண்டியவன்.
நானும் டிலாயினியும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம்.
திரும்பி வந்தான்.
நாலு மணிக்குத்தான் பதிவுத்தாளைத் தொட்டேன்.
ஏழாம் கட்டில், இரண்டு மணிக் கட்டம், வெறுமை.
அப்போதாவது கழுவியிருக்கலாம்.
ஆறு மணிக்கு எப்படியும் கழுவுவோமே என்று
ஒரு சரி போட்டேன்.
பேனை தயங்கவில்லை.
அதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

வியாழன் காய்ச்சல்.
எக்ஸ்ரேயில் வலப்பக்கம் அடியில் நனைந்த பஞ்சு.
சளி ஆய்வுகூடத்துக்குப் போய்
நீளமான ஒரு பெயரோடு திரும்பியது.
டொக்டர் அன்ரிபயோட்டிக் மாற்றினார்.
"ஒழுங்காக் கழுவினாலும் வரும், சிஸ்டர்" என்றார்,
நான் எதைக் கேட்டேன் என்று தெரியாமலே.

கண்ணாடிக்கு வெளியே ஆசியத்தும்மா:
"ராவெல்லாம் முழிச்சி வாயக் கழுவி உடுறீங்களாமே மகள்,
அல்லாஹ் பரக்கத் செய்வான்."
காத்தான்குடி மஸ்கட் ஒரு பெட்டி தந்தா.
டிலாயினி தின்றாள். நானும் ஒரு துண்டு தின்றேன்.
இனிப்பாய்த்தான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் குழாயை உருவி எடுத்தோம்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
உட்சுவர் நெடுக மஞ்சள் படலம்,
விளக்கு அதற்குள்ளால் மங்கித் தெரிந்தது.
மஞ்சள் பைக்குள் போட்டேன்.

காக்கா வாயைத் திறந்தார்.
காற்று வந்தது, குரல் வரவில்லை.
குனிந்து காது கொடுத்தேன்.
"பல்லு" என்றார்.

கோப்பையைத் தொட்டியடிக்குக் கொண்டுபோய்க் கழுவினேன்.
டிலாயினி கூப்பிட்டாள்.
இன்னொரு தடவை கழுவினேன்.