பேர்போனவள்

செப்டம்பர் கடைசியில் வானொலி என் பெயரைச் சொன்னது.
வெர்லின்.
மீன் அலசிக்கொண்டிருந்தேன்.
வாசலில் யாரோ என்று திரும்பிக்கூடப் பார்த்தேன்.

துறைமுக அலுவலகத்து அன்செல் வரைபடம் விரித்தான்.
ஆப்பிரிக்கப் புழுதிக்கு மேலே
காற்றில் ஒரு சுளுக்கு.
இடியும் மின்னலுமாக மேற்கே நகர்ந்து
செனகல் கரை தாண்டித் தண்ணீரில் கால்வைத்தது.
பாதிக்கு மேல் அங்கேயே செத்துவிடுமாம்.
இது சாகவில்லை.
கடல் அப்போது
குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில் இருந்தது.

ஆவி மேலேறும், குளிர்ந்து மழையாகும்.
ஆகும்போது
கடலில் வாங்கிய சூட்டை அங்கேயே கொட்டிவிடும்.
அந்தச் சூட்டில் காற்று இன்னும் ஏறும்.
கீழே காலியான இடத்துக்கு
நாலு பக்கமிருந்தும் ஓடிவரும் காற்று.
பூமி சும்மா இருக்குமா?
ஓடுபவர் தோளைப் பிடித்து வலப்பக்கம் திருப்பும்.
எல்லாரும் நடுவுக்குக் கிளம்பி
ஒருவரும் நடுவை அடையாமல்
இடஞ்சுழியாகச் சுற்ற,
நடுவில் ஒரு கண் திறக்கும்.

"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். வெந்நீரும் பசியும்."

எனக்குப் பேர்சொல்ல ஒரு பிள்ளையில்லை.
ரம் கடையில் சிரித்தார்கள்:
"வெர்லின், கோபத்தைக் குறை,
வாழை குலைதள்ளியிருக்கு."
நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை இரவு ஒன்பதே கால்.
தகரம் முதலில் முனகியது.
பிறகு ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தது.
பிறகு எண்ணவில்லை.
குளியல் தொட்டிக்குள் நான், தலைக்கு மேல் மெத்தை.
மலையிறங்கும் பேருந்தில்போலக் காது அடைத்தது.

கண் வந்தபோது
என் வீட்டுக்குக் கூரையில்லை, நட்சத்திரங்கள் இருந்தன.
எங்கோ ஒரு குழந்தை தும்மியது கேட்டது.
இருபது நிமிடம்.
பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது,
விட்டுப்போன வேலையை முடிக்க.

விடிந்ததும் டொமினிக்காவில் பச்சை என்ற நிறமே இல்லை.
மலை முழுக்கக் குச்சி.
ஆறு தன் பழைய வழி ஞாபகம் வந்து
பள்ளிக்கூடத்துக்குள் ஓடியது.
பள்ளத்தாக்குக்கு அப்பால் ஒரு நீல வீடு.
நாற்பத்தாறு வருடம்
அங்கே வீடு இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன்.
யாரோ கை அசைத்தார்.
நானும் அசைத்தேன்.

பதிவு அலுவலகத்தில் எழுத்தர் நான்.
பேரேட்டின் ஓரங்கள் இன்னும் உலரவில்லை.
வில்மத் ஜோன் பாப்டிஸ்ட், படகைக் கட்டப் போனவர்.
தியோலா ஃபாகன்.
அவள் மகன், பதினொரு நாள்,
பெயர் வைத்திருக்கவில்லை.
இறப்பின் காரணம்: புயல் வெர்லின்.
பதிந்தவர்: வெர்லின்.
இருபத்தேழு முறை எழுதினேன்.
தியோலாவின் புருஷன் பிரெண்டன்
இரண்டு கட்டங்களையும் மாறிமாறிப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டான்.
பேனாவை மட்டும் என் கையில் தராமல்
மேசைமேல் வைத்தான்.

அடுத்த வசந்தத்தில் ஏதோ ஒரு ஊரில் கூட்டம் போட்டு
அந்தப் பெயருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்களாம்.
இனி எந்தப் புயலுக்கும் வைக்கமாட்டார்கள்.
செத்தவர்களுக்கு மரியாதை, என்றான் அன்செல்.
பேர்போன பேர்.
புயலுக்குக் கிடைத்துவிட்டது ஓய்வு.
எனக்கு நாளை எட்டு மணிக்கு அலுவலகம்.

மலையில் இலை வந்துவிட்டது.
நீல வீட்டின் ஒரு ஜன்னல்தான் இப்போது தெரிகிறது.
சனிக்கிழமைச் சந்தையில் ஒருவர்,
"அன்றைக்குக் கை அசைத்தது நீங்கள்தானே?
நான் அந்த நீல வீடு" என்று கை நீட்டினார்.
"உங்கள் பெயர்?"

சேப்பங்கிழங்குப் பையை இடக்கைக்கு மாற்றினேன்.
சொன்னேன்.

அவர் கை அங்கேயே இருந்தது,
கொஞ்ச நேரம்,
என்ன செய்வதென்று தெரியாமல்.