நாலு விரல் உயரம்

பட்டியலில் தொண்ணூற்றொரு குடும்பம்.
லொறியில் அறுபத்திநாலு போர்வை.
கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை
கழித்துக் கழித்துப் பார்த்தேன்.
இருபத்தேழு. எப்படிக் கழித்தாலும் இருபத்தேழு.
நசுறுதீன் றேடியோவைக் குறைத்தான்:
"பாதியா வெட்டினாக் காணும், சேர்."
ஒரு வளைவு தாண்டி அவனே சொன்னான்,
"பாதிப் போர்வையில கால் வெளியில."

கிளிவெட்டிக்கு
மழை எங்களுக்கு முன்பே வந்திருந்தது.
மூன்றாம் நாள் வாடை.
தறப்பாள்களின் வயிற்றில் நீர் தொங்க
பிள்ளைகள் விளக்குமாற்றுக் காம்பால்
கீழிருந்து குத்தினார்கள்.
சளார் என்று கொட்டும்; ஒரு சிரிப்பு;
பிறகு அடுத்த கொட்டில்.

படிவத்தைப் பொலித்தீன் பைக்குள் வைத்தபடியே எழுதினேன்.
பெயர். ஊர். எத்தனை பேர். கைக்குழந்தை உண்டா.
ஊர் என்ற கட்டத்துக்கு
எல்லாரும் அந்த ஒரே கரையைச் சொன்னார்கள்,
நேற்றுத்தான் கதவைப் பூட்டிவிட்டு வந்ததுபோல.
இது ஐந்தாவது மாரி.

தவமலர், வரிசையில் இருபத்திரண்டு.
கைக்குழந்தை உண்டு.
போர்வையை நீட்டினேன், வாங்கவில்லை.
"உள்ள வந்து ஒருக்காப் படுத்துப் பாருங்கோ" என்றாள்.

படுத்தேன்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சட்டைப்பையில் பேனையோடு,
சீமெந்துப் பையின்மேல் விரித்த பாயில்.
மூன்று நிமிடம் இருக்குமா?
முதலில் தோள்பட்டைக்குத் தெரிந்தது,
பிறகு இடுப்புக்கு,
பிறகு பல்லுக்கு.
குளிர் மேலேயிருந்து இறங்குகிறதென்று
எங்கள் கந்தோரில் நினைத்திருந்தோம்.
அது மண்ணிலிருந்து ஏறுகிறது,
வேர் நீர் குடிப்பதுபோல, அவசரமில்லாமல்.

"போத்திறதுக்குச் சீலை இருக்கு, உரப்பை இருக்கு,
அவற்ற சாரம் இருக்கு.
கீழ போட ஒண்டும் இல்ல, சேர்."

கீழே என்றொரு கட்டம் படிவத்தில் இல்லை.
ஓரத்தில் எழுதினேன். மை கரைந்தது.

போர்வைகளை அவர்களே பங்கிட்டார்கள்,
என் பட்டியலைக் கவிழ்த்து வைத்துவிட்டு.
பேறுகாலத்துக்காரி முதலில், பிறகு இழுப்புக்காரர்,
பிறகு யாரென்பதில் சண்டை.
"போன வருசம் எனக்குத் தந்தது, இந்த முறை அவளுக்குக் குடுங்கோ"
என்ற மனோரஞ்சிதத்தின் குரலில்
பெருந்தன்மை இல்லை, கோபமே இருந்தது.
ஒரு மனிதர் கிடைத்ததைச் சேற்றில் எறிந்துவிட்டுப் போனார்.
அவர் மகன் அதைப் பொறுக்கிக்கொண்டு
பின்னால் ஓடினான்.

திரும்புகையில் சீனன்குடாவில்
கேளாமலே லொறியை நிறுத்தினான் நசுறுதீன்.
மாவு ஆலை முற்றத்தில் அவனுடைய மச்சான் வேலை.
மதிலோரம் மூட்டை அடுக்கும் மரத்தட்டுகள்,
முறிந்தவை, விறகுக்கென்று ஒதுக்கியவை.
கடிதம் வேண்டும் என்றார்கள்.
கடிதத்துக்குக் கையொப்பம் வேண்டும்,
கையொப்பக்காரர் கொழும்பில்.
நசுறுதீன் அதற்குள் பதினொன்றை ஏற்றியிருந்தான்.
நான் வேறு பக்கம் பார்த்தேன்.
அந்த வாரத்தில் நான் செய்த
உருப்படியான வேலை அதுதான்.

மறுநாள் நாற்பது கொண்டுபோனோம்.
இடுக்குகளில் மிஞ்சிய மாவு மழையில் பசையாகி
லொறி முழுக்கப் புளித்த பாண் மணம்.
தவமலர் கல்லெடுத்து
துருத்திய ஆணிகளை ஒவ்வொன்றாக மடக்கினாள்.
உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்,
மறுபடி அடித்தாள்.
நாலு விரல் உயரம்.
அதன் கீழே ஈரம் தன்பாட்டில் கிடந்தது.

பலகை ஒன்றில் கறுப்பு மையில் குடைப் படம்.
நனையக்கூடாது என்று
சரக்குக்குப் போடும் குறி.
குழந்தையின் தலைமாடு அதன்மேல் வந்தது.
யாரும் திட்டமிடவில்லை.
அந்தப் பலகைதான் வழுவழுப்பாக இருந்தது.

அறிக்கையில்
போர்வை அறுபத்திநாலு, வழங்கப்பட்டது.
மரத்தட்டு என்று எதுவும் இல்லை.

பாலத்தடியில் நசுறுதீன் கேட்டான்,
"இன்னும் எத்தனை, சேர்?"
ஐம்பத்தொன்று.
வெட்டலாமா என்று அவன் இம்முறை கேட்கவில்லை.
வைப்பரை வேகமாக்கினான்.
சீனன்குடாவில் இடப்பக்கச் சமிக்ஞை போட்டான்.