அனுமதிப்பவர்

மூன்று மாடி இறங்கி வந்தேன்.
இரவுப் பணியின் ஆஸ்பத்திரி சோப்பு
கையை விட்டுப் போகவில்லை.
கதவைத் திறந்தே வைத்திருந்தார் ப்ரோனியுஸ்.
"உயிர் இருக்கிறது, இங்க்ரிதா," என்றார்
கணினியைக் காட்டி.
"கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பதில்லை."

கிளைப்பெடாவில் ஜனவரி.
ஜன்னலுக்கு அப்பால் காயல் பாதி உறைந்து கிடந்தது.
அடுப்பில் ஸ்டின்டா பொரிந்தது,
வெள்ளரிக்காய் வாசம் அடிக்கும் விரல்நீள மீன்.
கணினிப் பெட்டியின் மேல் பழுப்புப் பூனை.
உள்ளே விசிறிக்கு மூச்சு இரைத்தது.
பூனைக்கு அது கணப்பு.

பிரவுசரைத் தொட்டேன்.
வெள்ளை.
ஒரு வட்டம் சுழன்றது.
நான் இரண்டு மீன் தின்று முடிக்கும்வரை சுழன்றது.
பிறகு ஒரு சின்னப் பெட்டி வந்தது:
பக்கம் பதில் சொல்லவில்லை.
காத்திருக்கவா, மூடவா?
நான் யோசிப்பதற்குள் அவர் விரல் முந்திக்கொண்டது.
காத்திரு.
"எதற்கு?"
"அதுவும் பாவம், முயற்சி செய்கிறதல்லவா."

பதினொரு டூல்பார்
ஒன்றன் தலையில் ஒன்று ஏறி நின்றன.
பக்கம் படிக்க மிஞ்சியது
தபால்தலை அளவு இடம்.
அமைப்புகளைத் திறந்தேன்.
அறிவிப்பு அனுப்ப உரிமை பெற்றவர்கள்: நூற்று நாற்பத்து மூன்று பேர்.

ரிகாவில் சாவி செய்பவன்.
கம்பளிக் காலுறைக்காரி.
பழைய டயர். ராசிபலன்.
முடி வளரும் எண்ணெய் (அவர் தலையைப் பார்த்தேன்).
என்ன மொழி என்றே பிடிபடாத ஒருவன்,
ஒரு நாளைக்கு நாற்பது தடவை.

"யார் இவர்களெல்லாம்?"
"கேட்டார்கள்."
"என்ன கேட்டார்கள்?"
"அனுப்பலாமா என்று. மரியாதையாகத்தானே கேட்டார்கள்."

முப்பத்தொரு வருடம் படகுத்துறையில்
சங்கிலியைத் தூக்கி ஆளேற்றிய கை அது.
தூரத்தில் ஒருவன் ஓடிவந்தால்
கப்பல்காரன் கத்தக் கத்தக் கயிற்றை அவிழ்க்காமல் நிற்பாராம்.
சைக்கிள், குதிரை, கல்யாணக் கூட்டம்,
ஒருமுறை அலமாரியைச் சுமந்து வந்த இருவர்.
இல்லை என்ற சொல்
அந்தத் துறையில் புழங்கவில்லை.

நீக்கு. நீக்கு. நீக்கு.
ஐந்தாவதில் எழுந்து போனார்,
திருப்ப வேண்டாத மீனைத் திருப்ப.
இருபதாவதில் என் பக்கம் பார்க்காமல் கேட்டார்:
"அவர்களுக்குத் தெரியுமா?"
"எது?"
"நாம் எடுத்துவிட்டது."

டூல்பார்களைப் பிடுங்கினேன்.
தேங்கிய பழங்குப்பையைத் துடைத்தேன்.
இனி யாரும் அனுமதி கேட்கவே கூடாது
என்று ஒரு பொத்தான் உண்டு.
அதையும் அழுத்தினேன்.
அணைத்துப் போட்டதும்
கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது பிரவுசர்.
"வேகம்தான்," என்றார்,
பல் பிடுங்கியவர் நாக்கால் இடத்தைத் தடவுகிற குரலில்.

நாலாம் நாள் கதவு தட்டும் சத்தம்.
வலிக்கும் முழங்காலோடு மூன்று மாடி ஏறி வந்திருந்தார்.
"மறுபடியும் மெதுவா?"
"இல்லை இல்லை, பறக்கிறது."
படிக்கட்டைப் பார்த்தபடி நின்றார்.
"ஒன்றுமே கேட்க மாட்டேன் என்கிறது."

இறங்கிப் போனேன்.
நான் பூட்டிய பொத்தானை நானே திறந்தேன்.
காயலின் பனித்தடிமன் சொல்லும் பக்கம் ஒன்றுக்குப் போனேன்.
மூலையில் சின்னப் பெட்டி எழும்பியது:
தங்களுக்கு அறிவிப்பு அனுப்பலாமா?

ப்ரோனியுஸ் விரலைக் கால்சட்டையில் துடைத்தார்.
முதுகு நிமிர்ந்தது.
உடனே அழுத்தவில்லை. கொஞ்ச நேரம்
அந்தக் கேள்வியை அப்படியே நிற்கவிட்டுப் பார்த்தார்,
கரையில் வந்து நின்ற ஒற்றைப் பயணியைப் பார்ப்பதுபோல.
பிறகு சங்கிலியைத் தூக்கினார்.

பனி பதினேழு சென்டிமீட்டர், என்றது அது.
நடக்கலாம்.

பூனை மட்டும் என்னோடு பேசுவதில்லை.
குளிர்ந்துபோன பெட்டியை ஒருமுறை முகர்ந்துவிட்டு
என் கோட்டின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.
வேலைக்கு நேரமாகிறது.
எழுப்ப மனமில்லாமல்
உட்கார்ந்திருக்கிறேன்.