மாசு

தார்த்து நகரம். பிப்ரவரி.
மணி எட்டாகியும் ஜன்னலில் இருட்டு.
பல்லைத் துளைத்தெடுத்த பொடி, ஐம்பது மில்லிகிராம்.
பெட்டி மேல் பழைய பென்சில் எழுத்து:
குழி 14. சிறுமி. தோண்டியவர் எண்டெல் குர்ம்.

கொள்ளைநோயா, பசியா?
கேள்வி அவ்வளவுதான்.

திரையில் முப்பது எழுத்து, நாற்பது எழுத்து,
கந்தல் கந்தலாய் ஓடுகிறாள்.
கிழிந்த ஓரங்களில் சி இருந்த இடத்தில் டி:
முந்நூறு வருட ஈரம் அரித்த தடம்.
சிதைவுதான் அவளுக்குச் சாட்சி.

நடுவே
ஓரம் சிதையாத நீளத் துண்டுகள்,
ஒய் குரோமோசோமோடு.
சிறுமிக்கு ஏது ஒய்?

வெற்றுக்குழாய் சுத்தம்.
எங்கள் ஆட்களோடு ஒப்பிட்டேன், யாருமில்லை.
பிறகு கிடைத்தது புகைப்படம்:
1968, கையுறையில்லாத எண்டெல்
மண்டையோட்டின் மேல் குனிந்து
கன்னம் உப்ப மண்ணை ஊதுகிறார்.

ஊதியவர் போய் இருபது வருடம்.
மூச்சு இன்னும் போகவில்லை.

கண் என்ன நிறம், எந்த நோய்க்குச் சாய்வு,
இரண்டு கட்டளையில் தெரிந்துவிடும்.
ஒப்புதல் படிவம் எதிலும் அவர் கையெழுத்தில்லை.
தட்டவில்லை.

சிதைந்ததை வை, முழுசாய் இருப்பதைத் தள்ளு.
வடிகட்டி ஓடி முடியப் பதினோரு நிமிடம்.
மிஞ்சியவளிடம் கிருமி இல்லை.
"இல்லை என்று சொல்லவும் இது போதாது"
என்கிறாள் மாரே, பனிக் கோட்டைக் கழற்றாமலே.
"இன்னொரு பல் இருக்கிறதா?"